பாதியில் எழுந்து போகிறவர்களின் பட்டன்

பவர் பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டர் அணைந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதிவரை வந்த பெரும்பாலான பெட்டிகளில் அப்படித்தான் இருந்தது. ஸ்விட்ச் நேராகக் கரண்டையே துண்டித்தது. திரையில் என்ன இருந்தாலும் போனது போனதுதான். 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அமைப்பில், பட்டனின் வேலை மதர்போர்டுக்குச் சேதி சொல்வதோடு முடிந்தது. அடுத்த ஆண்டே இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து மின்சாரக் கட்டுப்பாட்டுக்கான ஏசிபிஐ விதிமுறையை வெளியிட்டன. சேதி வந்ததும் என்ன செய்வது என்ற முடிவு ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் போனது. அதாவது, நம்மிடம் வந்தது. (பட்டனை நான்கு நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் மட்டும் யாரையும் கேட்காமல் அணைந்துவிடும். சிஸ்டம் அசையாமல் நின்றுவிடும் நேரத்துக்கு அந்த வழி வேண்டும்.)

என் டெஸ்க்டாப்பில் அந்தப் பட்டனை ஸ்லீப்புக்கு, அதாவது திறந்திருப்பதை அப்படியே வைத்துக்கொண்டு ஓயும் நிலைக்கு, மாற்றி வைத்திருக்கிறேன். விண்டோஸின் கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போனால் அதற்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. ஷட் டவுன் என்றிருப்பதை ஸ்லீப் என்று மாற்றிச் சேமித்தால் வேலை முடிந்தது.

நான் வீட்டிலிருந்தபடி பாடநூல்களுக்குப் பிழைதிருத்துகிறேன். ஒரு பத்தியில் ஒற்று மிகுமா மிகாதா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். பின்னால் அகராதி திறந்திருக்கும், பக்கத்தில் ஆசிரியரின் பழைய பிரதி. "அம்மாடி, சிலிண்டர் வந்திருக்கு பாரு" என்று அத்தை குரல் கொடுப்பார். "இதோ வந்துட்டேன் அத்தை" என்று எழுந்தால் சிலிண்டரோடு முடியாது. அவருக்கு மாத்திரை, அடுப்பில் பால், பள்ளியிலிருந்து வரும் பிள்ளை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். எப்போது திரும்பி உட்காருவேன் என்று எனக்கே தெரியாது. அந்த நேரத்தில் ஒவ்வொரு ஃபைலாக "சேமிக்கவா, வேண்டாமா" என்று ஒரு இயந்திரம் கேட்டுக்கொண்டு நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஷட் டவுன் என்பது வேலையை முடித்துவிட்டு எழுகிறவர்களுக்கானது. எத்தனையோ பேருக்கு, குறிப்பாக வீட்டில் வேலை பார்க்கும் பெண்களுக்கு, அப்படி முடித்துவிட்டு எழும் வாய்ப்பே கிடைப்பதில்லை. ஒரு நாளில் பல முறை பாதியிலேயே எழுகிறோம். எழுந்த இடத்திலேயே திரும்ப உட்கார முடிவது எங்களுக்குப் பெரிய விஷயம். கர்சர் அதே சொல்லில் துடித்துக்கொண்டிருந்தால் பாதிக் களைப்பு போய்விடும்.

2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டாவில், ஸ்டார்ட் மெனுவில் இருந்த பவர் பட்டனே வழக்கமாக ஸ்லீப்புக்குத்தான் போகும். அணைகிறது என்று நினைத்து அழுத்தியவர்கள் குழம்பினார்கள். 2009-இல் விண்டோஸ் 7 அங்கே ஷட் டவுனைக் கொண்டுவந்தது. விஸ்டாவின் யோசனை தப்பென்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் ஸ்லீப் என்ற நிலைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு, இரவில் அந்தப் பட்டனை நான் அழுத்துவதில்லை. ஸ்லீப்பில் பிராசஸர் ஓய்கிறது, டிஸ்க் ஓய்கிறது, விசிறி நிற்கிறது. ராம் மட்டும் ஓய்வதில்லை. அதில் ஒவ்வொரு பிட்டும் மிகச் சிறிய மின்தேக்கி ஒன்றில் மின்னூட்டமாக நிற்கிறது. அந்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கிறது. அதனால் பொதுவாக 64 மில்லிநொடிக்குள் எல்லா வரிசைகளையும் ஒருமுறை படித்துத் திரும்ப எழுதியாக வேண்டும். ஒரு நொடிக்குள் பதினைந்து தடவை. நாம் தூங்கும் நேரம் முழுக்க, யாரும் பார்க்காத அந்தப் பத்தியை மறந்துவிடாமல் இருப்பதற்காகவே அது விழித்திருக்கிறது. அதற்குள் கரண்ட் போனால் எல்லாம் போச்சு.

இதைப் படித்தபோது எனக்கு என் தலைதான் நினைவுக்கு வந்தது. அத்தைக்கு ரத்தப் பரிசோதனை, பிள்ளையின் ஃபீஸ், நாற்பதாம் பக்கத்து ளகரம் என்று எதையும் விடாமல் பிடித்துக்கொண்டு படுக்கிறோம். உடம்பு படுத்திருக்கிறது, உள்ளே ஒன்று விடாமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இதைப் பொறுப்பு என்று பாராட்டுகிறார்கள். எனக்கு அது ஓய்வைப் பறிக்கிற பழக்கமாகவே படுகிறது. பகலில் அரைமணி நேரம் ஒரு வேலையை மனதில் தாங்கி நிற்பது வேறு, இரவு முழுக்கத் தாங்குவது வேறு.

ஹைபர்னேட் இதற்கு வழி செய்கிறது. ராமில் இருப்பதையெல்லாம் டிஸ்கில் எழுதிவிட்டுப் பெட்டி அணைகிறது. பிளக்கைப் பிடுங்கினாலும் கவலையில்லை. காலையில் திறந்தால் அதே பத்தி, அதே அகராதிப் பக்கம். ஸ்லீப்பைவிடச் சற்றுத் தாமதமாக எழும், அவ்வளவுதான். (டெஸ்க்டாப்களில் ஹைபிரிட் ஸ்லீப் என்று ஒன்று உண்டு. டிஸ்கிலும் எழுதி வைத்துக்கொண்டு ராமையும் விழித்திருக்க வைக்கும். கரண்ட் நிலையில்லாத ஊருக்கு ஏற்றது.) எழுதி வைத்ததை மனம் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. இப்போது படுக்கப் போகுமுன் நானும் ஒரு நோட்டில் எழுதுகிறேன்: எந்தப் பக்கத்தில் நிற்கிறேன், எந்தச் சொல்லில் சந்தேகம், காலையில் யாருக்கு ஃபோன் செய்ய வேண்டும். எழுதிய பிறகும் சில நாள் தூக்கம் வருவதில்லை. ஆனால் விழித்துக் கிடப்பது அந்த ளகரத்துக்காக இல்லை.

ஹைபர்னேட் உங்கள் மெனுவில் தெரியவில்லை என்றால், பெரும்பாலும் பட்டனை மாற்றும் அதே பக்கத்தின் அடியில் அதற்கொரு டிக் பெட்டி இருக்கும். அது மங்கலாகத் தெரிந்தால், மேலே உள்ள அமைப்புகளை மாற்றும் வரியை முதலில் சொடுக்க வேண்டும்.