இல்லறத்தாரின் அளவுகோல்

நாம் வீட்டில் நுகரும் பொருள்களால் பிற உயிர்கட்கும் மக்கட்கும் நேரும் தீங்கை அளந்தறிய முடியுமா? 1990களில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரீஸும் அவர்தம் மாணவர் மாத்திஸ் வாக்கர்நேகலும் இதற்கு ஒரு கணக்கு வகுத்தனர். ஒருவர் நுகர்வனவற்றை விளைவிக்கவும் அவர் கழிவை ஏற்கவும் எவ்வளவு நிலமும் நீர்ப்பரப்பும் வேண்டும் என்று காண்பது அம்முறை. அதைப் படித்தபோது, ஆரணியில் வாழும் நமக்கு நம் வீட்டுப் பீரோவே முதலில் நினைவுக்கு வந்தது.

ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஏறக்குறைய ஆறேழு கிலோ கூடுகள் வேண்டும். கூடு ஒன்றின் எடை பெரும்பாலும் இரண்டு கிராமுக்கு உட்பட்டது. ஆகவே, அரைக் கிலோ பட்டில் நெய்த ஒரு சேலைக்குக் குறைத்துக் கணக்கிட்டாலும் 1500 கூடுகள் ஆகின்றன. இழை அறாமல் வரவேண்டும் என்பதற்காக, புழு அந்துப்பூச்சியாகி வெளிவருமுன்னரே கூட்டோடு வெப்பத்தில் மடிவிக்கப்படுகிறது. பின்னர்ப் பசை நீக்கச் சவர்க்காரமும் சோடாவும் கலந்த கொதிநீர். கச்சாப் பட்டின் எடையில் கால் பங்களவு அதில் கரைந்துபோகும். அடுத்தது சாயத் தொட்டி. அந்நீரும் எங்கேனும் சென்று சேர்ந்தே தீரவேண்டும்.

இவ்வளவும் எண்ணில் அடங்கும். அடங்காத ஒன்றும் உண்டு.

ஆசிரியப் பயிற்சி முடித்து நாம் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில், ஐந்தாம் வகுப்பில் கணக்கில் சிறந்த மாணவி ஒருத்தி பொங்கல் விடுமுறைக்குப்பின் வரவில்லை. தேடிச் சென்றோம். தந்தை பெற்ற முன்பணத்திற்காக வேறொருவர் வீட்டுத் தறியில், கரைக்கு நாடா தள்ளும் துணையாளாக அமர்ந்திருந்தாள். சிறிது பேசிவிட்டுத் திரும்பினோம். அடுத்த மாதம் உறவினர் திருமணத்திற்கு நாம் உடுத்திச் சென்றது ஆரணிப் பட்டுதான். அது எந்தத் தறியில் நெய்யப்பட்டது என்று நாம் கேட்கவில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. அதற்குள் அவள் பள்ளி வயதைக் கடந்திருந்தாள். அவள் இழந்த கல்வியை எத்தனை ஏக்கர் நிலமாக மாற்றி எழுதுவது?

“நாம் கொல்லவில்லையே, விலைக்குத்தானே வாங்கினோம்” என்பர் சிலர். சமந்தபத்திராசாரியார் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அகிம்சை அணுவிரதத்தை விளக்குமிடத்தில் இவ்வழியை அடைத்துவிட்டார். தான் செய்தல், பிறரால் செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல் ஆகிய மூன்றையும் மனம், மொழி, மெய்களால் விலக்க வேண்டும். கடையில் விலை கொடுத்த கை மூன்றில் எதைச் செய்தது என்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம்.

பட்டை விட்டால் நெசவாளர் பிழைப்பு என்னாகும் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் தறி வேறு, பட்டு வேறு. பருத்தியையும் அதே கை நெய்யும். இரா. வெங்கட்ராமன் குடியரசுத் தலைவராயிருந்த காலத்தில் அவர்தம் துணைவியார் ஜானகி அம்மையார், கொல்லாமல் பெற்ற பட்டு கிடைக்குமா என்று வினவினார். அவ்வினா ஐதராபாத்தில் கைத்தறித் துறையில் பணியாற்றிய குசுமா ராஜையாவை அகிம்சைப் பட்டுக்கு இட்டுச் சென்றது. பூச்சி வெளியேறிய கூட்டில் இழை அறுந்திருக்கும். அதைப் பஞ்சுபோல நூற்க வேண்டும். பளபளப்புக் குறைவு, விலை மிகுதி. வெளிவந்த பூச்சி இடும் நூற்றுக்கணக்கான முட்டைகளுக்கெல்லாம் தழையிட எவராலும் இயலாது என்பதும் உண்மை. தீங்கே அற்ற நுகர்வு இல்லறத்தார்க்கு இல்லை.

அதனால்தான் நம் அறம் இல்லறத்தாரிடம் அளவைக் கேட்கிறது. ஒருமுறை துய்க்கும் உணவு போகம். பலமுறை துய்க்கும் ஆடை உபபோகம். இரண்டுக்கும் வாழ்நாள் முழுமைக்கோ, குறித்த காலத்திற்கோ வரம்பு கட்டுவது போகோபபோக பரிமாண விரதம். பயனின்றி விளையும் தீங்கை விலக்குவது அநர்த்ததண்ட விரதம். நம் பீரோவில் 11 பட்டுச் சேலைகள் இருந்தன. ஈராண்டில் உடுத்தியவை இரண்டு. எஞ்சிய ஒன்பதுக்காக மடிந்தவை எப்பயனுக்காக மடிந்தன? கனடா நாட்டுக் கணக்கு, எவ்வளவு தீங்கு என்று சொல்லும். எது போதும் என்பதை விரதமே சொல்லும்.

அன்று முதல் நாம் பட்டு வாங்குவதில்லை. வாசக அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் தசலட்சண பருவத்தில் வீட்டுப் பீரோவைத் திறந்து, உயிர், நீர், மனித உழைப்பு என மூன்று பத்திகள் இட்டு எழுதிப் பாருங்கள். மூன்றாம் பத்தியில் எழுத நமக்கு எண் கிடைக்கவில்லை. அம்மாணவியின் பெயரை எழுதினோம். பின்னர், இவ்வளவு போதும் என ஒரு வரம்பை இல்லத்தார் அனைவரும் கூடி முடிவு செய்யுங்கள். அவ்வரம்பு சிறிதாயினும் அதுவே விரதம்.