பிராகாரத்தில் கூடவே வரும் கோபம்

கேள்வி: அப்பா காலமான பிறகு வீட்டுப் பங்கில் அண்ணன் என்னை ஏமாற்றிவிட்டார். பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. தினமும் கோயிலுக்குப் போகிறேன். பிராகாரம் சுற்றும்போதும் அண்ணனும் அண்ணியும் அன்று பேசியதுதான் காதில் ஒலிக்கிறது. எல்லோரும் 'மறந்துவிடு' என்கிறார்கள். எப்படி மறப்பது? மன்னித்தால் உரிமையையும் விட்டுக்கொடுத்ததாகிவிடாதா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: 'மறந்துவிடு' என்பது சொல்கிறவர்களுக்குச் சுலபம். கூடப் பிறந்தவர் செய்த துரோகம் யாருக்கும் அத்தனை லேசில் மறக்காது. ஆனால், வாசகியை இன்று வாட்டுவது அன்றைய கோபம் அல்ல. அன்று சொல்லாமல் விட்ட பதில்களை மனத்துக்குள் தினமும் சொல்லிப் பார்த்து வளர்த்த கசப்பு அது.

கொட்டித் தீர்த்தால் ஆறிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் இதைச் சோதித்து, 2002-இல் முடிவை வெளியிட்டார். கல்லூரி மாணவர்கள் எழுதிய கட்டுரைகளை வேண்டுமென்றே மட்டம்தட்டிக் கோபமூட்டினார்கள். ஒரு பிரிவினர், மட்டம்தட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தினார்கள். இன்னொரு பிரிவினர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். குத்தியவர்களுக்குத்தான் கோபம் ஏறியிருந்தது. அண்ணன் கதையை அக்கம்பக்கத்தில் திரும்பத் திரும்பச் சொல்வதிலும் இதே ஆபத்து இருக்கிறது.

இப்படிப்பட்ட கேள்விக்குப் பெரியவர்கள் வழக்கமாக எடுத்துக்காட்டுவது வைணவ ஆசாரியர் கூரத்தாழ்வானை. சோழன் அவையில் தன்னைக் காட்டிக்கொடுத்து, கண்கள் பறிபோகக் காரணமான நாலூரானுக்கும் தனக்குக் கிடைக்கும் அதே பேறு கிடைக்க வேண்டும் என்று காஞ்சி வரதரிடம் அவர் வரம் கேட்டதாக வைணவ குருபரம்பரை சொல்கிறது. கேட்கும்போதே மெய் சிலிர்க்கும். ஆனால், வாசகிக்கு இது மலையுச்சி. அங்கே ஏறும் படிகளை யாராவது காட்ட வேண்டும்.

அந்தப் படிகளைப் பொறுமையாகக் காட்டியவர் பௌத்த உரையாசிரியர் புத்தகோசர். கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து 'விசுத்திமக்க' என்ற பாலி நூலை எழுதியவர். காஞ்சியிலும் தங்கியிருந்ததாக அவருடைய உரைநூல் ஒன்று குறிப்பிடுகிறது. அன்பைப் பழகுகிறவர் பகைவரிடமிருந்து தொடங்கக் கூடாது என்பது அவர் கட்டளை. 'நான் நலமாக இருக்க வேண்டும்' என்று தன்னிடமே தொடங்க வேண்டும். பிறகு மதிப்புக்குரிய ஆசிரியர், நெருங்கிய தோழர், விருப்பும் வெறுப்பும் இல்லாத ஒருவர் என்று போய், கடைசியில்தான் பகைவர். அந்த இடத்தில் மனம் முரண்டு பிடித்தால் பின்வாங்கி, முந்தைய ஆட்களிடம் திரும்பிவிடலாம். இதைப் பிராகாரத்திலேயே செய்யலாம்: முதல் சுற்று தனக்காக, அடுத்தது படிப்புச் சொல்லித்தந்த ஆசிரியருக்காக. அண்ணனின் முறை வரப் பல மாதம் ஆகலாம். ஆகட்டும்.

அப்போதும் கோபம் வந்தால்? புத்தகோசர் விடுவதில்லை. ஒருவர் பேச்சில் கெட்டவராக இருந்தாலும் செயலில் நல்லது இருக்கலாம். அதை மட்டும் நினை என்கிறார். எதன்மேல் கோபம், அவர் தலைமுடியின் மேலா, நகத்தின் மேலா என்றுகூடக் கேட்கிறார். எதுவும் பலிக்காவிட்டால் கடைசி மருந்து: ஒரு பொருளைக் கொடு, அல்லது அவர் தருவதை வாங்கிக்கொள். இதற்கு அவர் சொல்லும் சம்பவம், இலங்கையின் தென்கோடியில் இன்று சித்துள்பவ்வ எனப்படும் சித்தலபர்வத விகாரையில் நடந்தது. தம்மை மூன்று முறை தங்குமிடத்திலிருந்து எழுப்பிவிட்ட மூத்த துறவியான தேரருக்கு, பிச்சையேற்று வாழ்ந்த துறவி ஒருவர் தம் பாத்திரத்தையே கொடுத்தார். எட்டுக் காசு பெறும் பாத்திரம். அவர் தாய் கொடுத்தது. தாய்க்குப் புண்ணியம் சேரட்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார். மூன்று முறை அவமானப்பட்டவரே முதலில் கை நீட்டினார் என்பதுதான் இதில் விஷயம்.

இனி, உரிமை. மன்னிப்புக்கும் நியாயத்துக்கும் பகையில்லை. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மதபோதகர் கிரகாம் ஸ்டெயின்ஸும், 10, 6 வயதான இரு மகன்களும் ஜீப்போடு எரித்துக் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக அவருடைய மனைவி கிளாடிஸ் வெளிப்படையாகச் சொன்னார். ஆனாலும் வழக்கு நடந்தது. முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. கிளாடிஸோ கொலைக்குப் பிறகும் பல ஆண்டுகள் இந்தியாவிலேயே இருந்து, பாரிபடாவின் தொழுநோயாளிகளுக்குப் பணிசெய்தார். 2005-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தண்டிப்பதை நீதிமன்றத்திடம் விட்டதால்தான், தன் நாட்களை நோயாளிகளுக்குக் கொடுக்க அவரால் முடிந்திருக்க வேண்டும்.

பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான உரிமை உண்டு என்கிறது 2005-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம். வாசகி தன் பத்திரங்களை ஒரு வழக்கறிஞரிடம் காட்டட்டும். தேவையென்றால் பாகப்பிரிவினை வழக்கும் போடட்டும். வழக்கு நடக்கும்போதே அண்ணன் வீட்டிலிருந்து பொங்கல் சீர் வந்தால் திருப்பி அனுப்பாமல் வாங்கிக்கொள்ளட்டும். வராவிட்டால், அண்ணன் பிள்ளைகளுக்கு இவர் ஏதாவது அனுப்பலாம்.