சான்று காட்டவேண்டியவர் யார்?

வேங்கிக்காலில் இருக்கிறது மாவட்ட ஆட்சியர் அலுவலகம். திங்கட்கிழமை தோறும் அங்கே மனுக்களோடு மக்கள் திரள்வர். பட்டாளத்துக்குப் பிள்ளைகளை வாரி வழங்கிய பழைய வட ஆர்க்காட்டு மண்ணன்றோ இது! ஆகவே, கூட்டத்தில் முன்னாள் படைவீரரும் இருப்பர். அவருள் சிலர் கையில் ஒரு தாள். "நோய் படைப்பணியால் வந்ததுமன்று, படைப்பணியால் மிகுந்ததுமன்று" என்பது அதன் சாரம். அந்த ஒரு வரியால் ஊன ஓய்வூதியம் மறுக்கப்படுகிறது.

ஆளெடுத்த நாளில் மார்பை அளந்தார்கள், கண்ணைச் சோதித்தார்கள், ஓடவிட்டுப் பார்த்தார்கள். குறையொன்றுமில்லை என்று எழுதிக்கொண்ட பிறகே சேர்த்தார்கள். பனிமலையிலும் பாலையிலும் நிறுத்தினார்கள். 15 ஆண்டு கழித்து, இரத்தக் கொதிப்போடு வீட்டுக்கு அனுப்பும்போது, "இது உடலோடு பிறந்த கோளாறு" என்கிறார்கள். நமக்குப் பழகிய பேச்சுதான்! பாட்டி தலையெழுத்து என்றாள். மருத்துவக் குழு அதையே ஆங்கிலத்தில் எழுதுகிறது.

1985இல் படையில் சேர்ந்த தரம்வீர் சிங், வலிப்பு நோய் கண்டு 1994இல் வெளியே அனுப்பப்பட்டார். ஊனம் 20 விழுக்காடு என்று கணித்தவர்களே ஓய்வூதியம் இல்லை என்றனர். உச்சநீதிமன்றத்தில் அவர் வென்றது 2013இல்! சேரும்போது குறிக்கப்படாத நோய் பணியில் வந்ததென்றே கொள்ளப்படும், அல்லவென்போரே காரணம் காட்டவேண்டும், ஐயத்தின் பயன் வீரருக்கே என்றது தீர்ப்பு. அதற்கு அடிப்படை 1982ஆம் ஆண்டு விதிகள். அவை 2008இலும் 2023இலும் மாற்றி எழுதப்பட்டன. ஏட்டிலுள்ள விதியை மாற்றலாம். நாம் கேட்பதோ அறத்தின் கேள்வி.

பொய்க் கோரிக்கையும் வருமே என்பர். வரும், மறுக்கவில்லை. பட்டாளம் போகாதவனுக்கும் இரத்தக் கொதிப்பு வருகிறதே என்பதும் மெய்தான். ஆனால் எந்த முகாமில் எத்தனை நாள் நின்றார், எந்த மருத்துவமனையில் எதற்காகப் படுத்தார் என்ற ஏடுகளெல்லாம் எவரிடம் உள்ளன? அரசிடம். ஏட்டைத் தன் பெட்டியில் பூட்டிக்கொண்டு, வெறுங்கையோடு நிற்பவரைச் சான்று கேட்பது நேர்மையாகுமா? அரசு ஒருவருக்குத் தவறாகக் கொடுத்துவிட்டால் கருவூலம் சாய்ந்துவிடாது. தவறாக மறுத்தால் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணையும்.

முதல் முறையீடு, இரண்டாம் முறையீடு, அதன்பின் சென்னையிலுள்ள படைத்துறைத் தீர்ப்பாயம் என்று வழி நீள்கிறது. அவற்றில் வீரர் இரங்கிக் கேட்க ஒன்றுமில்லை. "நான் சேர்ந்த நாளில் என் உடலைப் பற்றி நீங்கள் எழுதியதை எடுத்து வையுங்கள்" என்பதே அவருடைய மனுவின் முதல் வரியாகட்டும்.