பெயருக்கு அடுத்தது வழி

ஒரு நூலின் சிறப்புப் பாயிரத்தில் எட்டுச் செய்திகள் இருக்க வேண்டும் என்கிறது நன்னூல். முதலாவது ஆக்கியோன் பெயர். அதற்கு அடுத்ததே வழி. இந்த நூல் எந்த நூலைப் பின்பற்றி வந்தது என்ற செய்தி. எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் எல்லாம் அதற்குப் பின்தான். எழுதியவர் யார் என்று சொன்ன கையோடு யாரிடமிருந்து பெற்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாயிரத்தை நூலாசிரியர் தாமே எழுதவும் கூடாது. அவருடைய ஆசிரியரோ உடன் பயின்றவரோ மாணாக்கரோ உரைகாரரோதான் எழுத வேண்டும். தற்புகழ்ச்சியைத் தடுக்க வைத்த விதி அது. ஆனால் வழியைச் சொல்லும் பொறுப்பும் அதனால் இன்னொருவர் கைக்குப் போய்விடுகிறது. மறைக்க நினைத்தாலும் எளிதில்லை.

அதே நன்னூல் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று எண்ணுகிறது. குன்றக் கூறல் இருக்கிறது, மிகைபடக் கூறல் இருக்கிறது, கூறியது கூறல்கூட இருக்கிறது. பிறர் கூறியதைக் கூறல் மட்டும் இல்லை. இது விடுபட்டுப் போனதாகத் தெரியவில்லை. முன்னோரின் பொருளை மட்டுமன்றி அவர்களுடைய சொல்லையும் போற்ற வேண்டும் என்று காரணம் காட்டி, பழைய சூத்திரங்களை அப்படியே எடுத்துவைப்பதற்கு அந்த நூல் இடம் தருகிறது. தொல்காப்பியச் சூத்திரங்கள் சில நன்னூலில் மாற்றமின்றி அமர்ந்திருக்கின்றன.

கருத்துத் திருட்டு பற்றிப் பேச்சு வரும்போது சிலர் இந்த மரபைத்தான் கேடயமாகத் தூக்குகிறார்கள். கம்பன் குறளை எடுக்கவில்லையா, உரைகாரர்கள் ஒருவரை ஒருவர் எடுக்கவில்லையா, இன்றைக்கு ஓர் ஆய்வு மாணவர் நாலு பக்கம் எடுத்தால் மட்டும் என்ன என்பது வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மணிமேகலை ஒரு குறளை எடுக்கும் இடத்தில், அதைச் சொன்னவன் பொய்யில்லாத புலவன் என்று அடைமொழி கொடுத்துச் சொல்கிறது. கம்பன் பெயர் சொல்லாமல் எடுக்கும் இடங்களிலும் கேட்பவர்களுக்குக் குறள் மனப்பாடம். கேட்டதுமே அடையாளம் தெரியும். தெரிய வேண்டும் என்றுதான் எடுத்ததும். கேட்பவருக்குத் தெரியும் என்று நம்பி எடுப்பது ஒன்று, தெரியாது என்று நம்பி எடுப்பது இன்னொன்று. எடுத்த சொற்களின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். பின்னதில் வாசகர் ஏமாற்றப்படுகிறார்.

சட்டத்தை வைத்து இதை அளக்க முடியாது என்பதற்குப் பாரதியே சாட்சி. 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு பாரதியின் படைப்புகளைப் பொதுவுடைமையாக்கியது. இன்று யார் வேண்டுமானாலும் அவற்றை அச்சிட்டு விற்கலாம், ஒரு காசும் தர வேண்டியதில்லை. ஆனால் பாரதியின் ஒரு பாடலுக்குக் கீழே ஒருவர் தம் பெயரைப் போட்டுக்கொண்டால்? பதிப்புரிமை வழக்குப் போட ஆளிருக்காது. பாரதிக்குப் பண நட்டமும் இல்லை. அப்படியும் அது மோசடிதான் என்பதில் யாருக்கும் ஐயம் வராது. உரிமைத்தொகை கொடுக்காமல் அச்சிடுவது பொருள் பற்றிய குற்றம். பெயரை மாற்றுவது உண்மை பற்றிய குற்றம். இந்திய பதிப்புரிமைச் சட்டமும் இதை ஓரளவு பிரித்துப் பார்க்கிறது. உரிமையை விற்றுவிட்ட பிறகும், ‘இதை எழுதியவன் நான்’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எழுதியவரிடமே இருக்கும் என்கிறது அதன் 57ஆம் பிரிவு.

சிக்கலான நிகழ்வு ஒன்றும் நம்மிடம் உண்டு. 1930களில் மொழிபெயர்ப்பா தழுவலா என்று எழுத்தாளர்களிடையே வாதம் நடந்தது. தழுவலைக் கடுமையாகச் சாடியவர்களில் ஒருவர் புதுமைப்பித்தன். அயல்நாட்டுக் கதைக்கு வேட்டி கட்டிவிட்டு நம்மூர்க் கதை என்பது அவருக்குப் பொறுக்கவில்லை. அவர் 1948இல் மறைந்தார். அவர் பெயரில் வந்த கதைகளில் சில மாப்பசானைத் தழுவியவை என்பது பிற்பாடு பெரிய சர்ச்சையானது. ஆதரவாளர்கள் சொல்லும் சமாதானம், அவற்றை அவர் தம் தொகுப்புகளில் சேர்க்கவில்லை, பின்னால் பிறர் சேர்த்தார்கள் என்பது. இதில் உண்மை இருக்கிறது. தம் சொத்து எது, எது இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அது அடையாளம். ஆனால் பத்திரிகையில் அந்தக் கதையைப் படித்த வாசகருக்கு அந்த அடையாளம் எட்டவில்லை. தலைப்புக்குக் கீழே ‘மாப்பசானைத் தழுவியது’ என்று ஒரு வரி போட்டிருந்தால் புதுமைப்பித்தனின் உயரம் அரை அங்குலம்கூடக் குறைந்திருக்காது. மேதைமை குற்றத்தை அழிப்பதில்லை. அந்தக் குற்றம் மற்றக் கதைகளின் மேதைமையை அழிப்பதும் இல்லை.

இன்றைய கல்விக்கூடங்கள் இந்தக் கேள்வியை விழுக்காட்டுக் கணக்காக மாற்றிவிட்டன. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த விதிகளின்படி, ஆய்வேட்டில் பிற எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. எல்லை வைத்ததில் தவறில்லை. ஆனால் எல்லை வைத்த உடனேயே கேள்வி மாறிவிட்டது. ‘இது என்னுடையதா’ என்று கேட்க வேண்டிய மாணவர், ‘எத்தனை பர்சன்ட் வந்தது’ என்று கேட்கிறார்.

பர்சன்ட் குறைப்பது எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: “காவிரியில் நெல் விளைந்ததால் மட்டும் தஞ்சையில் பெரிய கோயில் எழவில்லை, அந்த நெல்லை அளந்து கணக்கு வைக்க ஆளிருந்தது.” இது ஆய்வேட்டில் இப்படி மறுபிறவி எடுக்கும்: “காவிரிப் படுகையில் நெல் விளைச்சல் மிகுந்திருந்தமையால் மட்டுமே தஞ்சையில் பெருங்கோயில் தோற்றம் பெற்றது எனக் கூறவியலாது, நெல்லினை அளவிட்டுக் கணக்கிடும் நிர்வாக அமைப்பும் காணப்பட்டது.” சேர்த்து எழுதியதைப் பிரித்தும் பிரித்து எழுதியதைச் சேர்த்தும், ‘ஐ’யை ‘இனை’யாக்கியும், ‘இருந்தது’க்குக் ‘காணப்பட்டது’ போட்டும் முடித்தாயிற்று. மென்பொருள் கடந்துபோய்விடும். விளைச்சலோடு கணக்கு வழக்கையும் சேர்த்துப் பார்த்த அந்தப் பார்வைதான் முதலாமவரின் உழைப்பு. அது முழுசாகக் கைமாறிவிட்டது. கூடுதல் இழப்பு, நல்ல தமிழ் ஒன்று கெட்ட தமிழானது.

தமிழில் இயந்திரத்துக்கு வேறொரு பார்வைக் குறையும் உண்டு. யூனிகோடுக்கு முன்பு பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆய்வேடுகள் திரையில் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே ரோமன் எழுத்துகளாகவும் குறிகளாகவும்தான் கிடக்கின்றன. ஒளிப்பட நகல்களாக ஏறியவற்றில் எழுத்தே இல்லை, படம்தான். அவற்றைப் பார்த்து இன்று யூனிகோடில் திருப்பித் தட்டச்சு செய்தால் ஒப்பிட்டுப் பார்க்க இயந்திரத்திடம் ஒன்றுமில்லை. சுழியத்துக்குப் பக்கத்தில் ஒரு சான்றிதழ் வந்துவிடும். ஆங்கில நூல் ஒன்றின் இயலைத் தமிழாக்கித் தம்முடையதாகக் காட்டுவதும் இப்படியே தப்பிக்கும்.

மாணவரை மட்டும் கூண்டில் ஏற்றுவதும் முறையில்லை. பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் நோட்ஸை வரி பிசகாமல் எழுதியவருக்குத்தான் மதிப்பெண். சொந்தச் சொல்லில் எழுதியவர் மதிப்பெண் இழந்ததைப் பார்த்து வளர்ந்தவரிடம் ஒரு நாள் திடீரென்று அதுவே குற்றம் என்கிறோம். அறியாமல் செய்வதற்கும் அறிந்து செய்வதற்கும் வேறுபாடு உண்டு. தண்டனை அதைப் பார்க்க வேண்டும். ஆனால் கற்றுக்கொள்வதும் பெரிய வித்தையில்லை. பெரும்பாலான திருட்டு எழுதும்போது நடப்பதில்லை, குறிப்பு எடுக்கும்போது நடக்கிறது. நூலகத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதும்போதே, நூலின் சொல் என்றால் மேற்கோள் குறியும் பக்க எண்ணும், தன் யோசனை என்றால் வேறு மையும் என்று வைத்துக்கொள்ளாதவருக்கு ஆறு மாதம் கழித்து எது யாருடையது என்று தெரியாது. பிறர் கருத்தைச் சுருக்க வேண்டுமானால் புத்தகத்தை மூடிவிட்டு எழுத வேண்டும். திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே வந்துவிடும். மூல நூலைப் பார்க்காமல் இன்னொருவரின் அடிக்குறிப்பிலிருந்து மேற்கோளை எடுத்தால், அந்த இன்னொருவர் பெயரையும் சொல்ல வேண்டும். இதைச் செய்யாததால்தான் ஒருவர் தவறாகப் போட்ட பக்க எண் ஆய்வேடு ஆய்வேடாக நடந்துபோகிறது. புத்தகத்தைத் தொட்டவர் யார், தொடாதவர் யார் என்பதை அந்தப் பக்க எண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.

பெயர் சொல்வது எழுத்தாளர்களுக்கு மட்டும் உரிய மரியாதையும் அல்ல. உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளின் முகவுரையில் ஏட்டுச்சுவடி கொடுத்தவர்களைப் பெயரும் ஊருமாகக் குறித்தார். நா. வானமாமலையின் நாட்டுப்பாடல் தொகுப்பில் பாடல்களுக்குக் கீழே சேகரித்தவர் பெயரும் இடமும் அச்சாகியிருக்கின்றன. ஆனால் நம் நாட்டார் தொகுப்புகள் பலவற்றில் பாட்டைப் பாடிக் காட்டிய பெண்ணின் பெயர் இல்லை. அவர் புத்தகம் எழுதாதவர் என்பதால் அவரிடம் எடுத்தது எடுத்ததாகாதா?

ஆய்வு வழிகாட்டிகள் விஷயம் இதைவிடக் கூச்சமானது. திருட்டுப் பிடிபட்டால் ஆசிரியருக்கும் தண்டனை வைத்திருக்கிறது 2018 விதி: குற்றத்தின் அளவைப் பொறுத்து ஆண்டு ஊதிய உயர்வு நிற்கும், சில ஆண்டுகள் மாணவர்களை நெறிப்படுத்த முடியாது. ஆனால் மாணவர் தேடி, மாணவர் எழுதி, மாணவர் கட்டணம் கட்டி அச்சேறும் கட்டுரையில் ஒரு வரியும் எழுதாத வழிகாட்டியின் பெயர் முதலில் வருகிறதே, அதை எந்த மென்பொருளில் போட்டாலும் ஒப்புமை சுழியம் என்றுதான் வரும். மாணவர் வாய் திறக்கவும் மாட்டார். வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறிப்பவர் அதே வழிகாட்டிதான்.