பனிக்கட்டி தண்ணீரின் உண்மை முகமா?

ஒருவர் திடீரென்று மாறிவிட்டால் ‘சாயம் வெளுத்துப் போச்சு’ என்கிறோம். இத்தனை நாள் காட்டியது நடிப்பு, இப்போது தெரிவதுதான் அசல் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்த முடிவை எனக்குச் சந்தேகமாக்கியது ஒரு புரதம்.

ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய்த் துளிகளைக் கரண்டியால் தள்ளினால் இரண்டு ஒன்றாகிவிடும். செல்லுக்குள்ளும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது. 2009இல் கிளிஃப் பிராங்வின், ஆந்தனி ஹைமன் குழுவினர் ஒரு சிறு புழுவின் கருவில் இருக்கும் துகள்கள் திரவம்போல ஒழுகுவதையும் ஒன்றோடொன்று கலப்பதையும் கண்டார்கள். சுற்றிச் சவ்வே கிடையாது. புரதமும் ஆர்.என்.ஏ.வும் கூடித் துளியாகும், பிறகு கரையும்.

எஃப்.யூ.எஸ் என்ற புரதமும் அப்படித் துளியாகும். 2015இல் ஹைமன் குழுவினர் சோதனைக்கூடத்தில் அதன் துளிகளைச் சில மணி நேரம் அப்படியே விட்டார்கள். துளி கெட்டியாகி நார் நாராக நீண்டது. ஏ.எல்.எஸ் நோயாளிகளிடம் காணப்படும் மரபணுப் பிழை இருந்தால் இன்னும் சீக்கிரம்.

இதே புரதத்தின் கட்டிகள், மூளையின் முன்பகுதியைத் தாக்கும் ஒருவகை டிமென்ஷியா கண்ட சிலரின் நரம்புச் செல்களிலும் இருக்கின்றன. அந்த நோயில் பலருக்கு ஞாபகத்துக்கு முன்பே குணம் போய்விடும். தன்மையாகப் பேசியவர் வாய்க்கு வந்ததைப் பேசுவார். மனைவி அழுதாலும் கண்டுகொள்ளமாட்டார். ‘இந்த மனுசன் இப்படித்தானா? இத்தனை வருசம் ஏமாந்துட்டோமே’ என்று வீடே உடைந்துபோகும்.

புரதம் கெட்டியானதால்தான் குணம் மாறியது என்று நேர்க்கோடு போட்டுவிட முடியாது. ஆனால் ‘அசல்’ என்ற சொல்லை இங்கே நிறுத்தி யோசிக்கலாம். ஒரே எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கடினமாகி எளிதில் உடையும். மெல்ல ஆறவிட்டால் வளைந்துகொடுக்கும். இதில் எது அசல் எஃகு? பொறியியலில் அப்படிக் கேட்க மாட்டோம். என்ன சூடு, எவ்வளவு நேரம் என்றுதான் கேட்போம். பனிக்கட்டி தண்ணீரின் உண்மை முகம் அல்ல. தண்ணீர் பனிக்கட்டியின் வேஷமும் அல்ல.

அப்படியென்றால் எல்லாருக்கும் மன்னிப்பா? வீட்டில் கை நீட்டுகிறவனும் ‘என் நிலைமை அப்படி’ என்று தப்பித்துக்கொள்ளலாமா? இதற்கும் செல்லிலிருந்தே ஒரு வழி தெரிகிறது. சூடு கூடினால் ஈஸ்ட் செல்லின் சில புரதங்கள் திரண்டுகொள்ளும். சூடு தணிந்ததும் வேறு புரதங்கள் ஏ.டி.பி.யைச் செலவழித்து அவற்றைக் கலைத்துவிடும். ஆக, இறுகுவது மட்டுமே குற்றமில்லை. இளகுவதற்கு உழைப்பு வேண்டும், அவ்வளவுதான். புரதத்துக்கு மனசாட்சி கிடையாது, நமக்கு இருக்கிறது. இளக முடிந்தும் இளகாதவரிடம் கணக்குக் கேட்கலாம். முடியாதவரிடம் கேட்பதில் நியாயமில்லை.

இதனால் அவர் ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டே கிடக்க வேண்டும் என்றில்லை. பழி வேறு, பாதுகாப்பு வேறு. தேவைப்பட்டால் தள்ளி நிற்கலாம், உதவிக்கு ஆள் வைக்கலாம். ஆனால் அதற்காக, அவர் முப்பது வருசம் காட்டிய அன்பைப் பொய்க்கணக்கில் எழுத வேண்டிய அவசியம் இல்லை. அது நடந்தது. அப்போது அவர் அப்படித்தான் இருந்தார்.