சோற்றில் கலந்த மாத்திரை

மனச்சிதைவு நோய் முற்றிய ஒருவர் மாத்திரை போட மறுத்தால், அவருக்குத் தெரியாமல் அதைச் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாமா? தமிழ்நாட்டில் எத்தனையோ சமையலறைகளில் சத்தமில்லாமல் நடந்துவரும் காரியம் இது. கரண்டியால் நசுக்கிப் பொடியாக்கிய மாத்திரை ரசத்தில் கரைகிறது. நிறமும் சுவையும் இல்லாத சொட்டு மருந்து காபி டம்ளரில் விழுகிறது. கலந்து கொடுப்பவர் பெரும்பாலும் தாய் அல்லது மனைவி. அவர் மனத்தில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஆனாலும், பெற்ற மகனையோ கட்டிய கணவனையோ அவர் ஏமாற்றுகிறார்.

அந்த நிலைக்கு அவர் எப்படி வந்தார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். மகன் பல இரவுகளாகத் தூங்கவில்லை. பக்கத்து வீட்டார் தன்னைக் கொல்லத் திட்டமிடுவதாக நம்புகிறான்; நள்ளிரவில் அவர்கள் கதவைத் தட்டிச் சண்டைக்கு நிற்கிறான். "எனக்கு என்ன நோய்? உங்களுக்குத்தான் பைத்தியம்" என்கிறான். தனக்கு நோய் இருப்பதே தெரியாமல் போவது அந்த நோயின் இயல்புகளில் ஒன்று. மருத்துவமனைக்குப் போன் செய்தால், "கூட்டிக்கிட்டு வாங்க, பார்க்கலாம்" என்கிறார்கள். கூட்டிக்கொண்டு போக முடியாததுதானே குடும்பத்தாருடைய பிரச்சினை? நாள் தள்ளத் தள்ள நோய் முற்றும், வேலை போகும், உயிருக்கே ஆபத்து வரலாம். இத்தனையையும் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதை யாரும் அறம் என்று சொல்லிவிட முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் மறைத்துக் கொடுப்பது தவறுதான். தன் சாப்பாட்டில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்ற அச்சம் இந்த நோயில் அடிக்கடி வருவது. மருந்தைக் கலக்கும் வீடு அந்த அச்சத்தை நிஜமாக்கிவிடுகிறது. மருந்தின் பக்கவிளைவாகக் கை நடுங்கலாம், உடம்பு இறுகலாம், பகலெல்லாம் தூக்கம் சொக்கலாம். ஏன் என்று தெரியாதவர் அதற்கும் எதிரிகளையே காரணமாக எண்ணுவார். க்ளோசபின் போன்ற மருந்துக்கு ரத்த வெள்ளணுக்களை அவ்வப்போது பரிசோதித்தாக வேண்டும். அந்த மருந்தைச் சாப்பிடுவதே தெரியாதவரிடம் என்ன சொல்லி ரத்தம் எடுப்பது? என்றைக்காவது விஷயம் தெரிய வந்தால், அவர் மருந்தோடு வீட்டுச் சோற்றையும் ஒதுக்கிவிடுவார்.

அப்படியானால் வலுக்கட்டாயம்தான் வழியா? உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் அதுவும் தேவைப்படலாம். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 அதற்கு இடம் தருகிறது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ மீளாத கேடு நேரும் அவசரத்தில், பதிவு பெற்ற எந்த மருத்துவரும், மருத்துவமனையிலும் அதற்கு வெளியிலும், 72 மணி நேரம் வரை சிகிச்சை தரலாம். நோயாளியின் சார்பில் பேசும் நியமனப் பிரதிநிதி இருந்தால் அவருடைய சம்மதம் வேண்டும். கடுமையான ஏற்பாடுதான். ஆனால் வெளிப்படையாக நடக்கிறது, கெடு உண்டு, பொறுப்பேற்க ஒரு மருத்துவர் இருக்கிறார். சமையலறையில் நடப்பதற்கு எழுத்தும் இல்லை, எல்லையும் இல்லை. அதனால் அது ஆண்டுக்கணக்கில் நீள்கிறது.

வற்புறுத்தலுக்கும் ஏமாற்றுக்கும் முன்பாகவே செய்யக்கூடியது ஒன்று உண்டு: பயிற்சி பெற்றவர்கள் வீடு தேடிப் போவது. பிரிட்டன் 2000-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரத் திட்டத்தில் இதற்கென்றே நெருக்கடிக் குழுக்களை ஏற்படுத்த முடிவு செய்தது. செவிலியரும் மருத்துவரும் தேவைப்பட்டால் தினமும் வீட்டுக்கு வருவார்கள். நெருக்கடி தணியும்வரை கூட நிற்பார்கள். ஃபின்லாந்தின் மேற்கு லாப்லாந்தில் 1980-களில் உருவான முறை இன்னும் ஒரு படி மேலே போனது. தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் நோயாளியும் குடும்பத்தாரும் மருத்துவக் குழுவும், முடிந்தவரை அந்த வீட்டிலேயே, கூடி உட்காருகிறார்கள். நோயாளியைப் பற்றிய எந்த முடிவும் அவர் இல்லாத இடத்தில் எடுக்கப்படுவதில்லை. இப்படி வந்தால் எல்லாரும் மாத்திரையை வாங்கிக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் களைத்துப்போன தாயிடம் மறுப்பவர், அவசரமில்லாமல் எதிரே உட்கார்ந்து கேட்கும் வெளியாளிடம் கொஞ்சம் இறங்கி வர வாய்ப்பு உண்டு.

வீட்டுக்கு உதவி வராவிட்டால் என்ன ஆகும் என்பதில் தமிழ்நாடு கற்ற பாடம் பெரிது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் எரிந்து மாண்டார்கள். வீட்டில் வைத்துப் பார்க்க வழியில்லாத குடும்பங்கள் கொண்டுபோய் விட்ட இடங்களில் ஒன்று அது. இன்று சங்கிலியால் கட்டுவதை அதே 2017 சட்டம் தடை செய்கிறது. குடும்பத்துக்குத் துணை நிற்கும் சேவைகளையும் வீட்டிலேயே தரும் மறுவாழ்வுப் பராமரிப்பையும் அரசின் கடமையாக்குகிறது. 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் ஆலோசனை கிடைக்கிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் போனில் பேச மறுப்பவருக்குக் குரல் போதாது, ஆள் வேண்டும். வாசல் தேடிப் போவது இந்த மாநிலத்துக்குப் புதிதும் இல்லை. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. அதே அக்கறை மன நெருக்கடிக்கும் உரியது.

குடும்பமும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நோய் தணிந்து மனம் தெளிந்திருக்கும் காலத்தில் அவரிடமே கேட்கலாம்: மறுபடி இப்படி வந்தால் என்ன செய்யட்டும், யாரைக் கூப்பிடட்டும், எந்த மருந்து உனக்கு ஒத்துக்கொண்டது? இதை முன்கூட்டிய அறிவுறுத்தலாக எழுதிவைக்கவும், தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் சட்டம் உரிமை தருகிறது. அப்போது நெருக்கடியில் குடும்பம் நிறைவேற்றுவது அவருடைய சொந்த விருப்பத்தையே.

ஏற்கெனவே கலந்து கொடுத்துக்கொண்டிருப்பவர் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லி, நோயாளி தேறியதும் அவரிடம் உண்மையைச் சொல்லும் நாளைச் சேர்ந்து குறிப்பதே முறை. அந்த உண்மையைக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. அதைச் சொல்லும் நேரத்தில் தாய் தனியாக இராதபடி பார்த்துக்கொள்வது மற்ற எல்லாருடைய கடமை.