செத்தவீட்டுப் படம்



இறந்தவரைப் படம் எடுப்பது சரியா? புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இது ஏட்டில் மட்டும் உள்ள கேள்வி அன்று. 1983க்குப் பின் அகதியாக வந்தவர்கள் பலரால், பெற்றோர் ஊரில் கண்மூடியபோது போக முடியவில்லை. அகதி விண்ணப்பம் முடியாதவர் வெளியே போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. ஊரிலோ போர். கொள்ளி வைக்க வேண்டிய மகனுக்குக் கிடைத்தவை, பல வாரம் கழித்துக் கடித உறைக்குள் வந்த நான்கைந்து படங்கள்தான்: பெட்டியைச் சுற்றி உறவினர் நிற்பது, வாய்க்கரிசி போடுவது, படலையைத் தாண்டிப் பாடை போவது.

பெரியவர்கள் சிலர் இதை விரும்புவதில்லை. "சிரிச்ச முகத்தை நினைவில வையுங்கோ, பெட்டிக்குள்ள கிடந்த முகம் ஏன்?" என்பார்கள். இதில் நியாயம் உண்டு. உயிரோடு இருப்பவர் கமராவைக் கண்டதும் வேண்டாம் என்று கைகாட்டலாம்; தலையை வாரி, சேலையைச் சரிசெய்துகொள்ளலாம். இறந்தவரால் இரண்டும் ஆகாது. மறுக்க இயலாத ஒருவரைப் படம் எடுப்பது சிறிய விஷயம் அன்று.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கண்ணால் காணாத மரணத்தை மனம் இலகுவில் நம்புவதில்லை. குளிப்பாட்டுவது முதல் சாம்பலைக் கடலில் கரைப்பது வரை நம் கிரியைகள் யாவும் பிரிவைப் படிப்படியாக மனத்துக்கு உணர்த்துகின்றன. எதிலும் பங்குபற்ற முடியாத பிள்ளைக்கு அந்தப் படங்களே கிரியையாகிவிட்டன. பிள்ளை தன் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்ப்பதை எந்தத் தாய் மறுப்பாள்? ஆகவே எடுப்பது தவறாகாது.

தவறு நேர்வது பெரும்பாலும் காட்டுவதில்தான். பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த் 1977இல் தாயை இழந்தார். 1980இல் வெளிவந்த, புகைப்படம் பற்றிய தமது நூலில், தாய் சிறுமியாக நிற்கும் ஒரு படத்தைப் பற்றி நெடுக எழுதினார். வேறு பல படங்களை அச்சிட்டவர் அந்தப் படத்தை மட்டும் அச்சிடவில்லை. அது தமக்கு மட்டுமே பொருள் தரும், பிறருக்கு ஏதோ ஒரு பழைய படம் என்பது அவர் எண்ணம்.

அன்று அந்தக் கடித உறை ஒரு வீட்டுக்குத்தான் வந்தது. பிள்ளைகள் கதவைச் சாத்திவிட்டு அழுதார்கள். இன்று அதே முகம் சில நொடிகளில் நூறு கைத்தொலைபேசிகளுக்குப் போகிறது. பகிடிக்கும் பலகாரப் படத்துக்கும் நடுவில் வந்து விழுகிறது. 2020இல் கொரோனாக் காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் இறுதிக் கிரியைகளை நேரலையில்தான் பார்த்தன. அது பெரிய ஆறுதல். ஆனால் அந்த இணைப்பு யார் யாருக்குப் போகிறது என்று கவனித்தவர்கள் எத்தனை பேர்?

எல்லை எங்கே என்று கேட்கலாம். ஊரில் என்றால் அந்த வீட்டுப் பந்தலுக்குள் வந்து இருந்து அழுதிருக்கக்கூடியவர் யாரோ, அவர் பார்க்கலாம். மற்றவருக்கு இறந்தவரின் பெயரும், அவர் வாழ்ந்த காலத்தில் எடுத்த ஒரு நல்ல படமும் போதும்.

வீட்டில் அந்தப் பழைய உறை இருந்தால் எறிய வேண்டாம். பென்சிலால் பின்பக்கத்தில் பெயரையும் ஆண்டையும் எழுதி, கலியாணப் படங்களோடு சேர்க்காமல் தனியே வையுங்கள். அதை எப்போது திறப்பது என்பதைப் பிள்ளைகளே தீர்மானிக்கட்டும்.